கண்ணுக்கு வந்த ஊசி, முகத்துக்குப் போன கதை

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு ஊசிப் பஞ்சாயத்து.

முதலாவது அத்தையுடையது. மதுரையில் இருக்கிறார், வயது 68. இடது கண் அடிக்கடி துடிக்கிறது என்றார். பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லதாச்சே என்று முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டோம். பிறகு இரண்டு கண்ணும் துடித்தது. அதற்கப்புறம் இமைகள் தானாக இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தன, நினைத்த நேரத்தில் திறக்காது. பார்வையில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ரோட்டைக் கடக்கும்போது நட்டநடுவில் இமை மூடிக்கொண்டால் பார்வை இருந்து என்ன பிரயோஜனம்? கடைக்குப் போவது நின்றது, கோயிலுக்குப் போவது நின்றது. கண் டாக்டர் பார்த்துவிட்டு 'பிளெஃபரோஸ்பாசம்' என்று பேர் சொன்னார். இமையைச் சுற்றி போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகும் என்றார். அத்தை மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். "இந்த வயசுல சினிமாக்காரிக மாதிரி மூஞ்சிக்கு ஊசி போட்டுக்கிட்டா ஊரு சிரிக்காதாப்பா?"

இரண்டாவது அக்கா மகளுடையது. சென்னையில் வேலை, வயது 26. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து களைப்பாகத் தெரிகிறதாம். "மாமா, பார்லர்லயே ஃபில்லர் போடுறாங்க. அரை மணி நேர வேலைதான், ஆபரேஷன் எல்லாம் இல்ல" என்றாள்.

ஒருத்தர் வைத்தியத்தை அலங்காரம் என்று ஒதுக்குகிறார். இன்னொருத்தி அலங்காரம்தானே என்று ஒரு வைத்தியத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறாள். நான் பி.இ. படித்துவிட்டு கோட் எழுதிப் பிழைப்பவன், டாக்டர் இல்லை. ஆகவே வழக்கம்போல வரலாற்றைத் தோண்டினேன். தோண்டியதில் கிடைத்தது எனக்கே ஆச்சரியம். இந்த இரண்டு ஊசியும் கண் வைத்தியத்திலிருந்து முகத்துக்கு வந்தவை. இன்னொன்று, இந்த நூற்றிச்சொச்சம் வருஷக் கதை முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: போட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா? எங்கள் தொழிலில் இதை ரோல்பேக் என்போம். எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்னாலும், தப்பாகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று கேட்காதவன் இரவு இரண்டு மணிக்கு போன் வாங்குவான்.

முதலில் ஒரு அடிப்படை. பேச்சில் எல்லாவற்றையும் போடாக்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம். போடாக்ஸ் ஒரு தசையைத் தற்காலிகமாக வேலை செய்யாமல் நிறுத்துகிறது. முறைக்கும்போது புருவத்துக்கு நடுவே விழும் கோடு தசை சுருங்குவதால் வருவது, தசை ஓய்ந்தால் கோடும் ஓயும். ஃபில்லர் என்பது வேறு. வயதாக ஆகக் கன்னத்திலும் கண்ணுக்கடியிலும் சதை வற்றுகிறதே, அந்தப் பள்ளத்தை ஒரு பொருளை வைத்து நிரப்புவது. ஒன்று நிறுத்துவது, இன்னொன்று நிரப்புவது. இதில் நிரப்பும் ஆசைதான் முதலில் வந்தது.

மெழுகுக் காலம்

1899-ல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு, அந்த இடத்தில் வாசலின் போன்ற மென்மையான பாரஃபினை ஊசியால் செலுத்தினார். பார்வைக்கு இயற்கையாக இருந்தது. அவ்வளவுதான், ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. சிஃபிலிஸ் நோயால் மூக்குத்தண்டு உள்வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த மூக்கை நிமிர்த்தப் பாரஃபின் போட்டார்கள். அங்கிருந்து சுருக்கத்துக்கும் கன்னத்துக்கும் போக ரொம்ப நாள் ஆகவில்லை. கத்தி இல்லை, தழும்பு இல்லை, உடனே பலன். இன்றைய விளம்பரத்தில் இருக்கும் அதே வரிகள்தான்.

பாரஃபினை உடம்பு ஜீரணிக்காது. அதைச் சுற்றி அரண் கட்டிக்கொண்டே இருக்கும். மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துக் கெட்டியான கட்டிகளாகிவிடும். அதற்கென்றே 'பாரஃபினோமா' என்று ஒரு பேரே மருத்துவத்தில் உண்டாயிற்று. சிலருக்கு வைத்த இடத்திலிருந்து நகர்ந்து வேறு இடத்துக்குப் போனது. வெட்டி எடுக்கலாம் என்றால் அது சதையோடு சதையாக இழைந்திருக்கும்.

இதற்கு ஒரு முகம் வேண்டுமென்றால் கிளாடிஸ் டீக்கன். அழகுக்குப் பேர்போன அமெரிக்கப் பெண். தன் மூக்கு கிரேக்கச் சிலை மாதிரி நெற்றியிலிருந்து நேர்கோடாக இறங்க வேண்டும் என்று 22 வயதில் மூக்குத்தண்டில் பாரஃபின் போட்டுக்கொண்டார். மெழுகு நாளடைவில் கீழே இறங்கி முகத்தின் அமைப்பையே குலைத்தது. 1921-ல் அவர் மார்ல்பரோ பிரபுவை மணந்து, வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த பிளென்ஹைம் அரண்மனைக்கே எஜமானி ஆனார். அந்த அரண்மனையின் முன்வாசல் கூரையில் 1928-ல் வரையப்பட்ட பெரிய கண்கள் இன்றும் இருக்கின்றன. அதிலுள்ள நீலக் கண்கள் கிளாடிஸுடையவை. மெழுகு கெடுக்காமல் விட்ட ஒன்றை மட்டும் கூரையில் வரைந்துவைத்த மாதிரி எனக்குப் பட்டது. கடைசிக் காலத்தில் தனிமையில் வாழ்ந்து 1977-ல் இறந்தார்.

அவருடைய கண்ணாவது தப்பியது. 1903-லேயே, மூக்கில் பாரஃபின் போட்டவருக்குப் பார்வை போன செய்தி மருத்துவ இதழில் வந்துவிட்டது. மூக்குக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், பின்னால் வரும்.

பாரஃபின் ஓய்ந்த பிறகு, இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் திரவ சிலிக்கோன் வந்தது. முதலில் ஜப்பானில், பிறகு அமெரிக்காவில். அதே ஆர்வம், அதே கட்டிகள். 1970-களின் நடுவில் நெவாடா மாநிலம் திரவ சிலிக்கோன் ஊசியைக் குற்றமாகவே அறிவித்தது. முகச்சுருக்கத்துக்கோ அழகுக்கோ ஊசியாகப் போட எஃப்.டி.ஏ எனப்படும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்றுவரை அதற்கு அனுமதி தரவில்லை. ஆனால் பிய்ந்த விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க, கண்ணுக்குள்ளே சிலிக்கோன் எண்ணெயைப் பயன்படுத்த 1990-களில் அனுமதித்தது. காரணம் எளிது. கண்ணில் அது ஒரு அறைக்குள் நிற்கும், வேலை முடிந்ததும் பெரும்பாலும் வெளியே எடுத்துவிடலாம். முகத்தில் எடுக்க முடியாது. பொருள் ஒன்றேதான், ரோல்பேக் மட்டும் வேறு.

சாசேஜில் இருந்த விஷம்

இப்போது அத்தையின் ஊசிக்கு வருவோம். இதன் கதை ஜெர்மனியில் குடல் உறைக்குள் இறைச்சியை அடைத்துச் செய்யும் சாசேஜில் தொடங்குகிறது. வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் தின்றவர்கள் விநோதமாகச் செத்தார்கள். காய்ச்சல் இல்லை, நினைவு தப்பாது. இமை தொங்கும், பார்வை இரண்டாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (ஜெர்மன் இலக்கியத்தில் கவிஞராகவும் தெரிந்தவர்) இந்த நோயாளிகளைத் தேடித்தேடிப் பதிவு செய்தார். 1822-ல் வெளியிட்ட நூலில் 155 பேரின் விவரம் இருக்கிறது. அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் சாப்பிட்டும் பார்த்தார். கடைசியில் அவர் எழுதிவைத்த யோசனைதான் முக்கியம்: நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்து உடம்பு தானாக ஆடும் நோய்களுக்கு, இந்த விஷத்தை மிகச்சிறிய அளவில் கொடுத்தால் மருந்தாகலாம். இது 200 வருஷத்துக்கு முன்னால். அத்தைக்கு எழுதிய மருந்துச்சீட்டு மாதிரியே இருக்கிறது.

1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து காரணமான பாக்டீரியாவைப் பிரித்தார். சாசேஜுக்கு லத்தீனில் 'போட்டுலஸ்'. போட்டுலிசம், போட்டுலினம், போடாக்ஸ் எல்லாம் அந்த வார்த்தையிலிருந்து வந்தவைதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதை உயிரியல் ஆயுதமாக ஆராய்ந்தது. மேரிலாந்தின் டெட்ரிக் முகாமில் 1946-ல் இந்த நச்சைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த எட்வர்ட் ஷாண்ட்ஸ் பிற்பாடு ஆராய்ச்சியாளர்களுக்கு இதை அனுப்பிவைக்க ஆரம்பித்தார். வாங்கியவர்களில் ஒருவர் சான்ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்.

ஸ்காட்டின் பிரச்சினை மாறுகண். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஒன்று அதிகமாக இழுத்தால் கண் ஒருபக்கம் போகும். கத்தி வைக்காமல் அந்த ஒரு தசையை மட்டும் தளர்த்த முடியுமா? பல பொருட்களை முயன்று பார்த்துக் கடைசியில் இந்த நச்சுக்கு வந்தார். குரங்குகளில் செய்த ஆய்வை 1973-லும், மனிதர்களுக்குப் போட்ட அனுபவத்தை 1980-லும் வெளியிட்டார்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. நரம்பு தசையிடம் 'சுருங்கு' என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூலம். அதை வெளியே விடும் புரதத்தை இந்த நச்சு வெட்டிவிடுகிறது. தசைக்கு எந்தச் சேதமும் இல்லை, செய்திதான் போய்ச் சேரவில்லை. மூன்று நான்கு மாதத்தில் நரம்பு தன் இணைப்பை மறுபடி சரிசெய்துகொள்கிறது, தசை பழையபடி இயங்குகிறது. போடும் அளவோ நானோகிராம் கணக்கு. ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

மாறுகண்ணுக்கு வந்த மருந்து இமை மூடிக்கொள்ளும் நோயாளிகளுக்கும் போனது. அவர்களுக்கு அது வரப்பிரசாதம். 1986-ல் பொறுப்புக் காப்பீடு கிடைக்காமல் அமெரிக்காவில் இந்த மருந்து வினியோகம் நின்றுபோனபோது, கண் நன்றாக இருந்தும் குருடர்களாகிவிட்ட இவர்களில் சிலர் ஊசிக்காகக் கனடாவுக்குப் போனார்கள். 1989 டிசம்பரில் எஃப்.டி.ஏ அனுமதித்தது. அன்றைக்கு அதன் பேர் 'ஓக்குலினம்', அதாவது கண்ணின் பேரைச் சேர்த்து வைத்த பேர். அனுமதி இரண்டு நோய்க்கு: மாறுகண், பிளெஃபரோஸ்பாசம். சுருக்கம் என்ற பேச்சே இல்லை. பிறகுதான் அலர்கன் நிறுவனம் வாங்கிப் பேரை போடாக்ஸ் என்று மாற்றியது.

சுருக்கம் எங்கிருந்து வந்தது? 1987-ல் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் ஒரு பிளெஃபரோஸ்பாசம் நோயாளி சண்டைக்கு வந்தார், இந்தத் தடவை புருவத்துக்கு நடுவில் ஏன் போடவில்லை என்று. அங்கே துடிப்பு இல்லையே என்றார் டாக்டர். அங்கே போட்டால்தான் முகம் கவலையில்லாமல் அமைதியாகத் தெரிகிறது என்றார் நோயாளி. அன்று வீட்டுக்குப் போய் ஜீன் இதைக் கணவர் அலஸ்டேரிடம் சொன்னார். அவர் தோல் மருத்துவர், முறைப்புக் கோட்டுக்கு நல்ல வழி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். அடுத்த நாளே கிளினிக்கின் வரவேற்பாளர் சம்மதித்துப் போட்டுக்கொண்டார். 1992-ல் 18 பேரை வைத்துக் கட்டுரை வந்தது. 2002-ல் புருவ நடுக்கோட்டுக்கு எஃப்.டி.ஏ அனுமதி.

ஆக அத்தை சொன்னதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அவர் சினிமாக்காரர்களின் ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய ஊசியைத்தான் அவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

மாட்டுக் கண்ணும் சேவல் கொண்டையும்

ஃபில்லர் பக்கம், மெழுகின் பாடத்தை முதலில் கற்றுக்கொண்டது கொலாஜன். மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு 1981-ல் எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது, பேர் ஸைடெர்ம். சில மாதங்களில் உடம்பே கரைத்துவிடும். குறை என்று எல்லோரும் பார்த்தது உண்மையில் அதன் நல்ல குணம். ஆனால் மாட்டுப் புரதம் என்பதால் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்தது. முன்கையில் சோதனை ஊசி போட்டு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்று பெரும்பாலான ஃபில்லர்களில் இருக்கும் ஹயலுரோனிக் அமிலம். 1934-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற கூழிலிருந்து இதைப் பிரித்தார்கள். கிரேக்கத்தில் ஹயலோஸ் என்றால் கண்ணாடி, பேர் அதிலிருந்து வந்தது. இது நம் தோலிலும் மூட்டிலும் எல்லோருக்கும் இருப்பதுதான், தண்ணீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலி. எந்த மிருகத்தில் எடுத்தாலும் ஒரே அமைப்பு, ஆகவே உடம்பு இதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. எண்ட்ரே பாலாஜ் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி சேவல் கொண்டையிலிருந்து இதைச் சுத்தமாக எடுத்தார். அது 'ஹீலான்' என்ற பேரில் 1980-களில் கண்புரை அறுவைக்கு வந்தது. லென்ஸ் வைக்கும்போது கண்ணின் உள்ளறை சுருங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் கூழ் அது.

முகத்துக்கு இதை அப்படியே போட்டால் ஓரிரு நாளில் உடம்பு கரைத்துவிடும். ஸ்வீடனின் உப்சாலாவில் க்யூ-மெட் நிறுவனம், பாக்டீரியாவை வளர்த்து எடுத்த ஹயலுரோனிக் அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு மாதக்கணக்கில் நிற்கும்படி செய்தது. அதுதான் ரெஸ்டிலேன், 1996-ல் ஐரோப்பாவில், 2003 டிசம்பரில் அமெரிக்காவில்.

இதன் பெரிய பலம் வேறு. ஹயலுரோனிடேஸ் என்ற நொதி இதைக் கரைத்துவிடும். அந்த நொதியும் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழைய ஆள்தான். கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து சீக்கிரம் பரவ இதைச் சேர்ப்பது பல காலப் பழக்கம். நம் ஊர்க் கண் அறுவை அரங்குகளிலும் இது சர்வசாதாரணம். கெர்சூனியின் மெழுகுக்கு இல்லாத ரோல்பேக், நூறு வருஷம் கழித்து இப்படிக் கிடைத்தது.

ரோல்பேக் இல்லாத இடம்

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஓரமாக வைத்த கேள்வி இருக்கிறது.

மூக்கு, புருவ நடு, நெற்றி, இங்கெல்லாம் ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியோடு இணைந்தவை. ஊசி முனை தெரியாமல் ஒரு குழாய்க்குள் போய், அழுத்தமும் அதிகமானால் ஃபில்லர் எதிர்த்திசையில் பின்னோக்கிப் போய் விழித்திரையின் குழாயை அடைத்துவிடும். விழித்திரை ரத்தமில்லாமல் தாங்குவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அபூர்வமாகத்தான் நடக்கிறது, ஆனால் நடந்தால் பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை. தோலுக்கு ரத்தம் தடைபட்டால் ஹயலுரோனிடேஸ் உடனே போட்டுப் பல சமயம் காப்பாற்றிவிடலாம். கண்ணுக்கு அதை நம்பியிருக்க முடியாது. 1903-ல் மெழுகு செய்ததை இன்றைய நல்ல கூழும் செய்ய முடியும். பொருள்தான் மாறியிருக்கிறது, ரத்தக்குழாய் மாறவில்லை.

போடாக்ஸுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதைக் கரைக்க மருந்து கிடையாது, காத்திருப்பதுதான் வழி. மூன்று மாதம் காத்திருக்கலாம், அளவு சரியாக இருந்தால். 2004-ல் ஃபுளோரிடாவில் ஆய்வுக்கூடத்துக்கென்று விற்ற நச்சை அழகுக்குப் போட்டதில் நான்கு பேர் நிஜ போட்டுலிசத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கெர்னர் எழுதிய அதே நோய்.

இவ்வளவையும் தொகுத்து இரண்டு பேரிடமும் பேசினேன். அத்தையிடம் சரித்திரம் எல்லாம் சொல்லவில்லை. "இது கண்ணுக்குன்னே வந்த மருந்து அத்தை. பிடிக்கலைன்னா மூணு மாசத்துல தானா போயிடும்" என்றேன். இரண்டாவது வரிதான் வேலை செய்தது. போட்டுக்கொண்டார். நாலாம் நாள் போன் செய்து, தனியாக மார்க்கெட் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்ததாகச் சொன்னார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது, முணுமுணுத்துக்கொண்டே போகிறார்.

அக்கா மகளைப் போடாதே என்று நான் சொல்லவில்லை. அவள் முகம், அவள் சம்பாத்தியம். மூன்று கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். உள்ளே போகும் பொருளின் பேர் என்ன? அதைக் கரைக்கும் மருந்து அதே அறையில், இப்போது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? ஊசி போட்டதும் பார்வை மங்கினால் முதல் ஐந்து நிமிஷத்தில் என்ன செய்வீர்கள்?

பார்லரில் முதல் கேள்விக்கு "இம்போர்ட்டட் மேடம்" என்று பதில் வந்ததாம். மற்ற இரண்டையும் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள். இப்போது ஒரு தோல் மருத்துவரிடம் அதே மூன்று கேள்வியோடு நேரம் வாங்கியிருக்கிறாள்.